ஒன்றாகக் கொட்டிய மாவு

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க மனமில்லை. இங்கே யாரும் நலமாக இல்லை. போனில் "சரி விடு, தெரியாம நடந்துடுச்சு" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள்.

விடுமுறை முடிந்து கிளம்பிய அன்று, சமையலறையை ஒழுங்கு செய்கிறேன் என்று நின்றீர்கள். கிடங்கு வேலைக்காரர் அல்லவா, பாதி காலியான இரண்டு டப்பாக்களைப் பார்த்தால் உங்கள் கை சும்மா இருக்காது. நம் வாண்டு மகளின் அரிசி மாவில் மைதாவைக் கொட்டி, மற்ற டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனீர்கள். கேட்டால், "ரெண்டும் வெள்ளை மாவுதானே" என்கிறீர்கள். சீலியாக் நோய்க்குக் கோதுமையோ, அதில் அரைத்த மைதாவோ ஒரு சிட்டிகைகூட ஆகாது என்று டாக்டர் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டியது யார்?

நான்கு நாள் அந்த மாவில்தான் அவளுக்கு ரொட்டி சுட்டேன். வயிறு உப்பி, வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தாள். ஐந்தாம் நாள் தேய்க்கும்போதுதான் உறைத்தது. அரிசி மாவு ஓரத்தில் வெடிக்கும். இது ரப்பர் போல இழுபட்டது. அந்த நான்கு நாளும், ரொட்டி உடையாமல் வருகிறதே என்று பூரித்துப் போயிருக்கிறேன், மடச்சி.

டப்பா, சல்லடை, தேய்க்கும் கட்டை எல்லாம் குப்பைக்குப் போயின. இதற்கென்று மருந்து கிடையாதாம். குடல் தானாக ஆற வேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்கிறார் டாக்டர்.

போனில் சொல்லாத ஒன்று இருக்கிறது. இரண்டாம் நாள் பள்ளி விட்டு வந்து வாந்தி எடுத்தாள். யாரிடமோ பிஸ்கட் வாங்கித் தின்றிருக்கிறாள் என்று நானே முடிவுகட்டி, முதுகில் இரண்டு வைத்தேன். "எதுவும் திங்கலம்மா, நிஜமா" என்று அழுதவளுக்கு, அன்று இரவும் அதே ரொட்டியைத்தான் ஊட்டினேன்.

இப்போது தானே உரித்த வாழைப்பழமும், ஓட்டோடு அவித்த முட்டையும்தான் தின்கிறாள். நான் நீட்டும் தட்டை முகர்ந்து பார்த்துத் தள்ளிவிடுகிறாள். எட்டு வயதுக் குழந்தை, இரண்டு கிலோ இறங்கிவிட்டாள்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நீங்கள் அவளைக் கூப்பிட்டு, மாவைக் கலந்தது அப்பாதான் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். "தெரியாம" என்ற வார்த்தை வேண்டாம். அவள் பொய் சொல்லவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும் என்பதையும் சொல்லுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

அங்கே நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இங்கே அவள் என் கையால் ஒரு வாய் வாங்கினால் எழுதுகிறேன்.

இன்னும் கோபம் தீராத,
உங்கள் மனைவி