குடைமேல் குத்திய தாள்

அன்பு மகள் வான்ச்சியூவுக்கு,

அப்பா எழுதுவது. ஹாங்சோவில் நானும் அம்மாவும் சுகம்; அந்த மலை உயரத்தில் உனக்கு மூச்சு வாங்காமல் இருந்தால் அதுவே போதும். அம்மாவின் முழங்கால் தேவலை. இக்கடிதத்தை மூன்று முறை கிழித்து எழுதினேன், இதுவும் சரியாக வந்திருக்கிறதா தெரியவில்லை.

ஞாயிறுதோறும் பூங்காவில் மற்றப் பெற்றோரைப் போல நானும் குடையை விரித்து, அதன்மேல் உனக்கு வரன் தேடும் தாளைக் குத்தி வைத்து உட்கார்ந்திருந்தேன், கோபிக்காதே. வேலை என்ற இடத்தில் ‘நகர மருத்துவமனை மருத்துவர்’ என்றுதான் இருந்தது. அதை விட்டுவிட்டு நீ மலைக் கிராமத்துக்குப் போய் எட்டு மாதமானதை எழுதக் கை வரவில்லை. போன வாரம் பக்கத்துக் குடை லூ அம்மாள், “என்ன வாத்தியாரே, பொண்ணு மலைக்குப் போயிட்டாளாமே! நெஞ்சு ரத்தத்துல அலை அடிச்சிருக்கும்! தாள்ல போட்டுடாதீங்க, ஒருத்தனும் எட்டிப் பார்க்கமாட்டான்” என்று சிரித்தாள். நீ ரயிலேறிய அன்று நானும் ‘நெஞ்சு ரத்தத்தில் அலை’ என்ற அந்த நான்கெழுத்து மரபுத்தொடரைத்தானே சொன்னேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டாய்.

அந்தத் தொடருக்கு, யோசிக்காமல் திடீரென்று தோன்றியதைச் செய்வது என்றுதான் முப்பது வருடம் வகுப்பில் பொருள் சொன்னேன். அது பிறந்த பழங்கதையை ஒரு நிமிடத்தில் தாண்டிவிடுவேன். குகையில் தவமிருந்த சித்தருக்கு ஒருநாள் நெஞ்சின் குருதி கடலலை போல் எழும்பியது. விரல் மடக்கிக் கணித்தார். தொலைவில் ஒரு நல்லவன் பகைவரிடம் சிக்கியிருப்பது தெரிந்தது. உடனே சீடனை அனுப்பிக் காப்பாற்றினார். இப்போது நீ இருக்கும் மலையிலிருந்து இரண்டு நாள் பயணம் செய்து உன் மருத்துவமனைக்கு வந்த இளம் தாய் உன் கண்முன்னே இறந்த பிறகு, நீ ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகுதான் ராஜினாமா எழுதினாய். நீயும் கணித்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். அன்று எனக்குத்தான் புரியவில்லை.

இந்த ஞாயிறு பூங்காவில் பேனாவை எடுத்து, தாளில் ‘நகர மருத்துவமனை’ என்றிருந்த வரியை அடித்தேன். ‘மலைக் கிராமத்து ஒரே மருத்துவர், தானாகக் கேட்டுப் போனவள்’ என்று எழுதினேன். “நீங்களே இப்படிப் போடலாமா வாத்தியாரே! இனி யார் வருவா?” என்றாள் லூ அம்மாள். “வராதவங்க வர வேண்டாம்மா” என்று சொல்லிக் குடையை மடக்கிவிட்டேன்.

நீ நன்றாக இரு, உன் கைபட்டவர்கள் எல்லாரும் பிழைக்கட்டும். கம்பளிக் காலுறை போட மறக்காதே. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மறுபடி மாட்டலாமா என்று நீயே எழுது. அடித்தல் திருத்தலோடு நான் யாருக்கும் ஒரு தாள் கொடுத்ததில்லை, இதுதான் முதல்.

உன் அப்பா,
ஷென் ஜிங்யான்