காரணமில்லாத நடை

9 மார்ச் 1987
இன்றும் தோள், இடுப்பு, முழங்கை — எதைச் சொல்ல, எதை விட? எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ரத்தத்திலும் ஒன்றுமில்லை. "பால் மரம் வெட்ட சோம்பல், அதான் நடிக்கிறே" என்கிறார் என் வீட்டுக்காரர். பதினெட்டு வருஷமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறேன். இப்போதுதான் சோம்பல் வந்ததா?

11 மார்ச்
டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் லீலாவதி மிஸ்ஸி பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தந்தார். "வலி நெசந்தாம்மா. பைப்ரோமயால்ஜியான்னு பேரு. உசுருக்கு ஆபத்தில்ல, ஆனா லேசுல போகாது." உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாதாம். தினமும் சாயங்காலம் மெதுவாக நடக்க வேண்டுமாம்.

நெசம் என்றாரே, அந்த ஒரு சொல்லுக்கு பஸ் முழுக்க அழுதுகொண்டு வந்தேன்.

14 மார்ச்
நடந்தேன். இந்தத் தோட்டத்தில் பொம்பளை சும்மா நடப்பாளா? கடைக்கு, கோயிலுக்கு, சாவு வீட்டுக்கு. அவ்வளவுதான். நாய்கூட நின்று பார்த்தது.

17 மார்ச்
இன்று கடைக்குப் போகிறவள் மாதிரி காலி எண்ணெய்ப் போத்தலோடு போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

22 மார்ச்
எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் மனைவி அமராவதி போத்தலைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். "தெனம் கடைக்குப் போறே, போத்தல் காலியாவே வருது லா." இருட்டுவதற்குள் லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சு.

23 மார்ச்
இவர் தட்டைத் தள்ளிவிட்டு, "யாரப் பாக்கப் போறே?" என்றார். எனக்கு வந்ததே கோபம். "யாருமில்ல. நம்பலன்னா நீங்களும் கூட வாங்க" என்றேன். வரவில்லை. பேச்சையும் நிறுத்திவிட்டார்.

30 மார்ச்
ஒரு வாரமாக நடக்கவில்லை. காலையில் எழுந்து உட்காரவே முடியவில்லை. வீட்டில் ரேடியோ மட்டும் பேசுகிறது. எனக்கென்று யார் இருக்கிறார்கள்?

5 ஏப்ரல்
வெறுங்கையோடு கிளம்பினேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

19 ஏப்ரல்
வாய்க்கால் ஓரம் அமராவதி தனியாக நின்றாள்.

"எனக்கும் ஒடம்பெல்லாம் நோவுது. சொன்னா மண்டோரு சிரிக்கிறாரு. ஆஸ்பத்திரில என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

"நீதான என்னப் பத்திக் கத கட்டுனே?"

"ஆமா."

நன்றாகத் திட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். பிறகு சேர்ந்து நடந்தோம். அவள் முன்னால் ஓடினாள். "மெதுவா. முடியுற அன்னிக்கும் மெதுவாத்தான்" என்றேன்.

திரும்பும்போது இவர் வாசலில் நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அமராவதி சொன்னாள்: "எங்க போனோம்னு எங்கிட்ட கேளுங்கண்ணே."

இவர் கேட்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.