ஹேண்டில் படகின் இரண்டு வயர்கள்

அன்பு மச்சான்,

நீங்கள் போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. திதி கொடுத்தாயிற்று, படத்துக்குப் புது மாலையும் போட்டாயிற்று. ஆனால் உங்களிடம் கேட்க வேண்டிய ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. படத்தின் முன்னால் நின்று கேட்கக் கூச்சமாக இருந்ததால் எழுத உட்கார்ந்தேன். நேரில் இருந்தபோது உங்களை ஒரு வாக்கியமாவது முழுசாகப் பேச விட்டிருப்பேனா? இப்போதும் நானேதான் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா நன்றாக இருக்கிறாள். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் அந்த மாடி வீட்டை விட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கீழே இருந்த துணிக்கடை இப்போது கைபேசி உறை விற்கும் கடையாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஃபெரி ஏறி இக்கரைக்கு, பாகான் டாலாமில் என் வீட்டுக்கு வருவாள், என் சமையலைக் குறை சொல்வாள், திங்கட்கிழமை திரும்பிப் போவாள். நீங்கள் முட்டியில் கட்டும் பட்டை இன்னும் கதவுக் கொக்கியில்தான் தொங்குகிறது. எடுத்து வைக்கச் சொன்னால் முறைக்கிறாள்.

போன மாதம் ஜார்ஜ் டவுனில் கஃபே வைத்திருக்கும் ஓர் இளைஞர் அக்காவைத் தேடி வந்தார். உங்கள் படகு சும்மாதான் கிடக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைக் கடை வாசலில் போட்டு, மண் நிரப்பி, பூச்செடி வைக்கப் போகிறாராம். படகு மட்டும் போதும், அதிலுள்ள சாமான்களைக் கழற்றிவிடுங்கள் என்றார். அக்கா சரி என்றுவிட்டாள். கழற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

அந்தச் சாமான்கள் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் நின்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். நீங்கள் முப்பது வருஷம் ட்ரைஷா மிதித்தவர். ஆட்களை முன்னால் உட்கார வைத்து, ஓட்டுபவர் பின்னால் இருந்து மிதிக்கும் நம் ஊர் மூன்று சக்கர வண்டி. முட்டி இரண்டும் தேய்ந்த பிறகு அதே வண்டிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு நாள் யாரோ வேண்டாமென்று தள்ளிய சின்ன ஃபைபர் படகைக் கொண்டுவந்து என் வீட்டுக் கொல்லையில் இறக்கினீர்கள். மாடி வீட்டில் படகு வைக்க முடியாதே.

நானோ மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பார்ப்பவன். ஜெட்டியில், அதாவது எங்கள் படகுத்துறையில், எந்தப் படகு இருமினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திமிரோடு கேட்டேன்.

"என்ன மச்சான், துடுப்புப் போடத் தெரியுமா உங்களுக்கு?"

"துடுப்பு எதுக்கு மாப்ள? அது போட்டா போற பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு உட்காரணும். எனக்கு முன்னால பாக்கணும்லா."

"அப்ப சின்ன எஞ்சின் ஒண்ணு மாட்டித் தரேன்."

"வேணாம் வேணாம். அந்தச் சத்தத்துல உங்க அக்கா பேசறது எனக்குக் கேக்காது. காலு போச்சு, கை இருக்குல்ல? அது போதும்."

நான் சிரித்தேன். அக்கா பேசுவது கேட்காமல் இருக்கத்தான் எல்லாரும் எஞ்சின் வாங்குகிறார்கள் என்றேன். நீங்களும் சிரித்தீர்கள்.

நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து கட்டினீர்கள். ட்ரைஷாவின் மிதிகட்டையைக் கழற்றி, அந்த இடத்தில் மரப்பிடி வைத்து, கையால் சுற்றும் ஹேண்டிலாக்கினீர்கள். அதிலிருந்து செயின் பின்பக்கம் ஓடி, ஒரு பெட்டிக்குள் பல்லோடு பல் கடிக்கும் இரண்டு சக்கரங்களைச் சுழற்றும். அங்கிருந்து ஒரு குழாய் தண்ணீருக்குள் இறங்கும். அதன் அடியில் தண்ணீரைத் தள்ளும் சின்னக் காற்றாடி. வலக்கை ஹேண்டிலைச் சுற்றினால் படகு போகும். இடக்கைக்கு ஒரு குச்சி. குச்சியிலிருந்து இரண்டு பிரேக் வயர்கள் பின்னால் போய் அந்தக் குழாயைத் திருப்பும். குழாய் திரும்பினால் படகு திரும்பும். அவ்வளவுதான் உங்கள் மெஷின்.

வெள்ளோட்டம் விட்ட நாளை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. ஜெட்டி வாசலில் கோப்பிக் கடை மேசையைச் சுற்றி, எனக்கு வேலை கொடுக்கும் படகுக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் ஏறப் போனீர்கள். நான்தான் தடுத்தேன். படகு விஷயம், முதலில் நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். "மாப்ள, ஒண்ணு சொல்லிடறேன், அந்தக் குச்சியை" என்று ஆரம்பித்தீர்கள். நான் இருபத்தைந்து வருஷமாகக் குச்சி பிடிக்கிறேன் மச்சான் என்று சொல்லி ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

படகு அருமையாகப் போனது, அதை மறுக்கவில்லை. ஜெட்டித் தூண் இடப்பக்கம் வந்தது. விலகிப் போகக் குச்சியை இடப்பக்கம் தள்ளினேன். எஞ்சின் படகில் அப்படித்தான். குச்சியை ஒரு பக்கம் தள்ளினால் படகு மறுபக்கம் திரும்பும், கை யோசிக்காமலே செய்யும். உங்கள் படகோ நேராகத் தூணைப் பார்த்துத் திரும்பியது. பதறிப்போய் இன்னும் அழுத்தித் தள்ளினேன். டமால்!

மேசை முழுக்கச் சிரிப்பு. நான் நனைந்த கால்சட்டையோடு மேலே ஏறி வந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "வயரை மாத்திக் கட்டிட்டீங்க மச்சான். இடது வலது தெரியலையா?" நீங்கள் குனிந்து வயரைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "அப்படித்தான் போல மாப்ள" என்றீர்கள். அவ்வளவுதான். படகு திரும்பவும் என் கொல்லைக்கு வந்தது, கன்வாஸ் போட்டு மூடினீர்கள், அதன் பிறகு அதைத் தொடவில்லை. ஜெட்டியில் உங்களுக்கு 'இடிக்கிற படகுக்காரர்' என்று பெயர் விழுந்தது. எட்டு மாதம் கழித்து நீங்களும் போய்விட்டீர்கள்.

இப்போது கழற்றப் போனேன் என்றேனே, அங்கே வருகிறேன். ஸ்பேனரோடு உட்கார்ந்தவன் முதலில் இருக்கைப் பலகையைத் தூக்கினேன். அடியில் அந்த இரண்டு வயர்களும் ஒன்றுக்கொன்று குறுக்கே போயின. நான் அன்று சொன்னதுதான். ஆனால் குறுக்கே போகும் இடத்தில் ஒரு வயருக்கு மேல் ரப்பர் குழாய் மாட்டியிருந்தீர்கள். ஒன்றோடொன்று உரசி அறுந்துவிடாமல் இருக்க. இன்னொன்றைச் சரியாக ஒரு விரல்கடை கீழே இறக்கி, தனிக் கொக்கி வைத்துப் பிடித்திருந்தீர்கள். தெரியாமல் மாற்றிக் கட்டியவன் இப்படிக் கட்டுவானா? நானும் வேலை தெரிந்தவன்தானே. கைத்தவறு எது, யோசித்துச் செய்தது எது என்று பார்த்தால் தெரியாதா?

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். குச்சியை வலப்பக்கம் தள்ளினேன், குழாய் எப்படித் திரும்புகிறது என்று பின்னால் போய்ப் பார்த்தேன். திரும்ப வந்து இடப்பக்கம் தள்ளினேன், மறுபடி போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி நான் என்ன விளையாட்டு விளையாடுகிறேன் என்று வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் தள்ளு, போகும். அதற்காகத்தான் குறுக்கு. படகே ஓட்டிப் பழகாத ஆள் உட்கார்ந்து ஓட்டுவதற்காகக் கட்டிய வண்டி அது. படகு தெரிந்தவன் உட்கார்ந்தால்தான் இடிக்கும்!

அந்த வாரம் அக்கா வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "அப்ப என்னை உட்கார வச்சு ஓட்டிக் காட்டு" என்றாள். ஞாயிறு காலை, தண்ணீர் நிறைந்து அசையாமல் இருந்த நேரம் பார்த்து, இரண்டு பேரைப் பிடித்துப் படகை இறக்கினேன். நான் ஓட்டினால் மறுபடி இடிக்கும் என்று அக்காவையே ஓட்டும் இடத்தில் உட்கார வைத்தேன். நான் முன்னால் உட்காரப் போனால், அந்த இருக்கையும் திரும்பியிருக்கிறது. ஓட்டுபவரின் முகத்தைப் பார்த்து உட்கார வேண்டும். இதையும் தப்பாகப் போட்டுவிட்டீர்கள் என்றுதான் நான் அன்று நினைத்தேன். அக்காதான் சொன்னாள்: "முப்பது வருஷமா உன் கொண்டையைப் பாத்துக்கிட்டே மிதிச்சேன், போதும்னாரு." சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம்டா தள்றது?" என்று கேட்டாள். சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டு, உனக்கு எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். தாழை மரம் நிற்கும் கரையைக் காட்டினாள். "அப்ப அந்தப் பக்கமே தள்ளு" என்றேன்.

போனது மச்சான். அறுபத்து மூன்று வயதில் முதல் முறையாகப் படகு ஓட்டுகிறவள், வளையல் குலுங்கச் சுற்றிக்கொண்டு, வளைந்து வளைந்து போனாள். பேசிக்கொண்டே போனாள். நீங்கள் சொன்னது போல ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. தூண் வந்தபோது என் இடக்கை பழக்கத்தில், இல்லாத குச்சியைத் தூண் பக்கம் தள்ளியது. அவள் அலட்டிக்கொள்ளாமல் ஒதுக்கிக்கொண்டு போனாள். எனக்கு ஒரே சந்தோஷம். வெட்கமும் அதே அளவுக்கு இருந்தது.

இனிமேல் சொல்வதுதான் கஷ்டம்.

கரைக்கு வந்து இறங்கினோம். மேசையில் அதே ஆட்கள். ஜெட்டியின் பெரிய படகுக்குச் சொந்தக்காரரான முனியாண்டி அண்ணன் குரல் கொடுத்தார். "என்னலா செல்வம், அந்த இடிக்கிற படகுதானே? ஒழுங்கா ரிப்பேர் பண்ணிட்டியா?"

சொல்லியிருக்கலாம். ஒரே வரிதான். மேசையில் எட்டுப் பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆமாண்ணே, பண்ணிட்டேன்" என்றேன்.

"பாத்தியா, படகு தெரிஞ்சவன் கை வச்சாத்தான் ஆகும்" என்று அவர் மற்றவர்களிடம் சொன்னார். எனக்கு ஒரு கோப்பியும் வரவழைத்தார். குடித்தேன்.

வீட்டுக்கு வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அக்கா சொன்னாள். "அன்னிக்கு அவரு வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், என்ன தப்பாப் போச்சுன்னு. ஒண்ணுமில்ல, மாப்ள பழக்கத்துல திருப்பித் தள்ளிட்டாரு, அங்கேயே சொன்னா நாளைக்கு எவன் அவர்கிட்ட எஞ்சினைக் குடுப்பான்னாரு. எனக்கு அப்ப அது புரியல. இன்னிக்குப் படகுல உக்காந்தப்பதான் புரிஞ்சுது."

"அப்புறம் எங்கிட்டயாவது தனியாச் சொல்லியிருக்கலாமே?"

"நீ கேட்டியா?"

கேட்கவில்லை மச்சான். எட்டு மாதம் ஞாயிறுதோறும் என் வீட்டில் சாப்பிட்டீர்கள். கொல்லையில் கன்வாஸ் மூடிய படகு தெரிய உட்கார்ந்துதான் சாப்பிட்டீர்கள். ஏன் அதைத் தொடுவதே இல்லை என்று ஒரு தரம் கேட்டிருக்கலாம். இன்று நான் கேட்க நினைப்பது வேறு. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா? அல்லது எதையாவது சொல்லிச் சிரித்து மழுப்பியிருப்பீர்களா? நான் ஊரில் இல்லாத ஒரு நாள், அக்காவை உட்கார வைத்து நீங்கள் ஓட்டியிருக்கலாமே, ஏன் செய்யவில்லை? என் தப்பு வெளியே வந்துவிடும் என்றா?

கஃபேக்காரரிடம் அக்காவே பேசிவிட்டாள். "பூச்செடிக்கு வேற எதாவது பாருங்க தம்பி, எங்க வண்டி ஓடுது" என்றாளாம். வயர்களில் நான் கை வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். செயினுக்கு மட்டும் எண்ணெய் விட்டேன்.

என் வாயை நான் நம்பவில்லை. அது எட்டுப் பேர் முன்னால் எப்படிப் புரளும் என்று பார்த்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். கோப்பிக் கடையில் ஞாயிறு பத்திரிகை கை மாறி மாறிப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். இது அச்சில் வரும் ஞாயிறு நானும் அங்கே போவேன். அதற்குப் பிறகு எஞ்சின் கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் அவர்கள் இஷ்டம். முனியாண்டி அண்ணன் நிமிர்ந்து பார்க்கும் வரை நின்று, எல்லார் காதிலும் விழும்படி இதைச் சொல்வேன், இது சத்தியம்:

"அண்ணே, நான் எதையும் ரிப்பேர் பண்ணல. அதுல ரிப்பேர் பண்ண ஒண்ணுமே இல்ல. என் மச்சான் கட்டினது சரி. இடிச்சது நான்."

உங்கள் மனைவியின் தம்பி,
நீங்கள் ஒரு நாளும் விட்டுக்கொடுக்காத மாப்ள,
செல்வம்