எங்களுக்கு எல்லை தெரியாதாம்

மார்ச் 4, செவ்வாய்

நிர்வாகி அம்மா ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை மருத்துவமனை ஆண்டு விழாவாம். மலையிலிருந்து படித்து வந்த முதல் பெண் என்று எனக்கு மரியாதை செய்யப் போகிறார்களாம். "உங்க ஆளுங்க உடுப்புல வாம்மா" என்றார்.

"இதுதான் மேடம்" என்று என் வெள்ளைக் கோட்டைக் காட்டினேன்.

"அது இல்ல. காட்டுல போடுவீங்களே, அது."

காட்டில் அம்மா போடுவது அண்ணனின் பழைய சட்டை. காலர் கிழிந்தது. அதைச் சொல்லவில்லை.

மார்ச் 7, வெள்ளி

மலம், சளி, சீழ் எல்லாம் தினமும் என் கை வழியாகப் போகிறது. ஒரு நாளும் குமட்டியதில்லை. இன்று குமட்டியது.

மேடையில் என் நெற்றியில் இறகு வைத்த பட்டை ஒன்றைக் கட்டினார்கள். எங்கள் மலையில் யாரும் அப்படிக் கட்டி நான் பார்த்ததில்லை. சிறப்புப் பேச்சாளர், கம்பெனிகளுக்கு 'ஆதி மக்களின் ஞானம்' கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர். அவர் பேச்சு முடிவதற்குள்ளேயே எங்கள் ஊசிக்காரர் அவருக்குப் பொன்மொழி என்று பேர் வைத்துவிட்டார். (ஊசிக்காரர் என்பது ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவர். அந்தப் பேரை வைத்தது நான்.)

பொன்மொழி எங்கள் மலையில் வாழ்ந்து பாடம் கற்றவராம். வாழ்ந்தது எனக்குத் தெரியும். இரண்டு முறை வந்தார், கூடாரம் போட்டார். வயிறு கெட்டு அம்மாதான் வெந்நீர் கொடுத்தாள். அவர் எங்களிடம் கேட்ட ஒரே கேள்வி, ஒதுங்குவதற்கு எங்கே போக வேண்டும் என்பது.

திரையில் பெரிய எழுத்தில்: 'பறவைக்கு எல்லை தெரியாது, எங்களுக்கும் தெரியாது.' என் முன்னோர் சொன்ன பழமொழி என்றார். நான் கேட்டதே இல்லை. அதன் கீழே என்னை நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

இறங்கியதும் ஊசிக்காரர், "உங்க ஊர்ல எல்லையே கிடையாதாமே. அப்ப நான் வந்து ஒரு வீடு கட்டிக்கவா?"

"கட்டுங்க. எங்கம்மா காலை ஒடிப்பாங்க."

மார்ச் 9, ஞாயிறு

பட்டையைக் குப்பையில் போட்டேன். இறகும் நெகிழிதான்.

மார்ச் 17, திங்கள்

அண்ணன் போன் செய்தான். கிழக்குச் சரிவில் கல் உடைக்க ஒரு கம்பெனி விண்ணப்பித்திருக்கிறது. எங்கள் நிலம், அதை ஒட்டிச் சித்தப்பா நிலம், அதற்கப்பால் இன்னும் சில வீட்டார். யாரிடமும் பட்டா இல்லை. கேட்டு எழுதிக் கொடுத்தது அப்படியே கிடக்கிறது. அடுத்த திங்கள் வருவாய் அலுவலகத்தில் விசாரணை. நிலம் எங்களுடையது என்று அங்கே நிரூபிக்காவிட்டால் சரிவு போய்விடும்.

கம்பெனி சொல்வது: இந்த மக்களிடம் தனித்தனி நிலம் என்பதே கிடையாது, அவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். அதற்குச் சான்றாக ஒரு படம் வைத்திருக்கிறார்கள். என் படம். தலையில் இறகு, மேலே அந்த வரி.

"உன் மூஞ்சி நல்லா விழுந்திருக்கு" என்றான் அண்ணன்.

"நான் சொல்லலண்ணா."

"நீ சொல்லலன்னு எனக்குத் தெரியும். அங்க யாருக்குத் தெரியும்?"

மார்ச் 19, புதன்

பொன்மொழியைப் போய்ப் பார்த்தேன். குளிரூட்டிய அறை. சுவரில் எங்கள் மலை, சூரியன் விழுகிற நேரம். அந்தப் பழமொழியை யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"யார் சொன்னாங்கங்கறது முக்கியமா தங்கச்சி? அந்த உணர்வு உங்க மக்களோடது."

"எங்க மக்கள்ல யாரு?"

"மலை உச்சியில உக்காந்திருந்தேன். எனக்குள்ள வந்துச்சு."

"அப்ப உங்களுக்குள்ள வந்ததுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. விசாரணைக்கு வேணும்."

அவர் முகம் வாடிவிட்டது. நடிப்பு இல்லை, நிஜமாகவே வருத்தம். "நான் உங்களைக் கொண்டாடுறேன். நீங்க என்னடான்னா நிலம், பத்திரம்னு பேசுறீங்க. இந்த ஊர் உங்களை மாத்திருச்சும்மா."

எழுதித் தரவில்லை. படி இறங்கி வந்துவிட்டேன். மாத்திருச்சாமே. இவன் யாரு எனக்கு நான் எப்படி இருக்கணும்னு சொல்ல? எங்க வாயில இல்லாத பேச்சை வச்சுட்டு, அதைத் துப்பினா இவனுக்கு வருத்தம் வேற வருது. தூ.

மார்ச் 20, வியாழன்

தூக்கம் இல்லை. எங்கள் ஆட்கள் உண்மையில் என்னதான் சொல்வார்கள் என்று யோசித்துக் கிடந்தேன். சோம்பேறியைப் பற்றி, மாமியாரைப் பற்றி, கடன் வாங்கியவனைப் பற்றி. பாதியை எழுத முடியாது. மீதியில் ஒன்று: 'விருந்தாளி வருவது நாய்க்கு முதலில் தெரியும்; கஞ்சனுக்கு அதற்கும் முன்னால் தெரியும்.' இதைத் திரையில் போடுவாரா?

இன்னொன்றும். அன்று கைதட்டல் எழுந்தபோது ஒரு நொடி நிமிர்ந்து நின்றேனே — அதை எந்தச் சோப்புப் போட்டுக் கழுவ?

மார்ச் 24, திங்கள்

விசாரணை. மாடியில் மின்விசிறி சுற்றாத அறை. அதிகாரி ஒரு பெண்மணி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடியே இருந்தார். கம்பெனி வக்கீல் அந்த வரியை இரண்டு முறை வாசித்தார், இரண்டாவது முறை ராகத்தோடு.

அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு எங்கள் மொழிதான் பேச வரும். மொழிபெயர்க்க வேண்டியவர் வரவில்லை. கம்பெனி வரிசையிலிருந்து பொன்மொழி எழுந்தார். "நான் இவங்க மொழி அறிஞ்சவன்."

அம்மா சொன்னது இது: "எல்லைக் கல்லை நகர்த்தியவன் வீட்டில் நாய்கூடத் தண்ணீர் குடிக்காது. என் மாமனார் நட்ட கல் ஓடைக்கு மேலே நிற்கிறது, வந்து பார். என் கொழுந்தன் ஒரு முழம் தள்ளி நட்டான். நான் பிடுங்கிப் பழைய இடத்திலேயே நட்டேன்."

பொன்மொழி கண்ணை மூடிக்கொண்டார். "கல்லும் நாயும் தண்ணீரும் நம் உறவு என்கிறார் இந்தத் தாய்."

ஆக அவருக்குத் தெரிந்தது மூன்று சொல்.

எழுந்துவிட்டேன். "அவங்க அப்படிச் சொல்லல மேடம்."

"நீங்க யாரு?"

"அவங்க பொண்ணு. அந்தப் படத்துல இருக்கறதும் நான்தான்."

அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அந்த வரி எங்களுடையது இல்லை என்பதையும், யாருக்குள் எங்கே வந்தது என்பதையும் சொன்னேன்.

வக்கீல் விடவில்லை. "மேடையில நின்னப்ப மறுக்கலையே?"

"மைக் கொடுத்திருந்தா மறுத்திருப்பேன் சார்."

பின்வரிசையில் சிரிப்பு. அதிகாரி சிரிக்கவில்லை. கல் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். நான் சொல்வதற்குள் பின்னாலிருந்து சித்தப்பா: "ஓடைக்கு மேல இல்லம்மா, கீழ. அண்ணி பொய் சொல்றாங்க."

பிறகு என்ன. அம்மா திரும்பினாள். சித்தப்பாவின் பிறப்பு, வளர்ப்பு, அவர் ஆட்டின் யோக்கியதை எல்லாம் எங்கள் மொழியில் வந்தது. சித்தப்பாவும் சளைக்கவில்லை. அண்ணன் நடுவில் போய் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அதிகாரி வக்கீலைப் பார்த்தார். "எல்லை தெரியாதவங்கன்னு சொன்னீங்க" என்றார். அப்புறம் சரிவை நேரில் அளக்க உத்தரவு எழுதினார்.

ஏப்ரல் 11, வெள்ளி

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் புதுப் பலகை. அதில் நாய்க்குட்டி ஒன்று ஓடையில் நீர் குடிக்கிறது. கீழே: 'கல்லும் நாயும் தண்ணீரும் நம் உறவு — ஒரு மலைவாழ் தாய்.' பொன்மொழியின் அன்பளிப்பாம்.

பார்த்துக்கொண்டே நின்றேன். ஊசிக்காரர் வந்தார், படித்தார், போய்த் தரை துடைக்கும் ஈரத் துடைப்பத்தைக் கொண்டுவந்து அதன் மேல் சாய்த்து வைத்தார்.

மே 20, செவ்வாய்

அளந்து முடித்துவிட்டார்களாம்.

ஜூன் 10, செவ்வாய்

உத்தரவு வந்தது. கிழக்குச் சரிவில் கல் உடைக்க அனுமதி இல்லை. ஒவ்வொரு வீட்டார் நிலத்துக்கும் தனி வரைபடம் போட்டிருக்கிறார்கள். ஆய்வகத்தில் வாசித்தேன், மறுபடியும் வாசித்தேன்.

சாயங்காலம் அம்மாவின் போன். சந்தோஷப்படுவாள் என்று எடுத்தேன். வரைபடத்தில் கல்லை ஓடைக்குக் கீழே போட்டிருக்கிறார்களாம். ஓடையின் அகலமே ஒரு முழம்தான்; அது சித்தப்பாவுக்குப் போய்விட்டது. அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று பேசிய மகளுக்கு அந்த ஒரு முழத்தைக் காப்பாற்றத் துப்பில்லையா, ரத்தத்தையும் மூத்திரத்தையும் பார்க்கவா இத்தனை படிப்பு, அளக்க வந்தவனுக்குக் கண் என்ன புறங்கழுத்திலா இருந்தது, சித்தப்பா முற்றத்தில் நின்று பல்லைக் காட்டுகிறான், நாளைக்கே கடப்பாரையை எடுக்கப் போகிறேன் —

மூச்சு வாங்க நிறுத்தினாள். "இருக்கியா?" என்றாள்.

"இருக்கேம்மா. சொல்லு."

மறுபடி ஆரம்பித்தாள். நான் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.