பூமழைக்குள் அசையாத உதடுகள்

அன்பு அக்கா,

இந்த அகால நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. என் சின்னவன் இப்போதுதான் தூங்கினான். பக்கத்தில் பவி. உன் மகள் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், தெரியுமா? மாமா சென்னையிலிருந்து அவ்வப்போது வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போகிறார். மற்றபடி அவள் என்னோடுதான்.

போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "சித்தி, எங்கம்மா எப்பிடிப் பேசுவாங்க?"

போட்டோவில் நீ சிரிக்கிறாய், பேசுவதில்லையே. அவளுக்கு நினைவு தெரியுமுன்பே காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நீ பேசுவது ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. பவியின் காதுகுத்து வீடியோ கேசட்டில். கீழ்பென்னாத்தூர் பக்கம் நம் குலதெய்வம் கோயிலில் எடுத்தது. வீடியோக்காரர் ஆரம்பம் முதல் கடைசி வரை சினிமாப் பாட்டாகப் போட்டு நிரப்பியிருக்கிறார். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கொஞ்சம் இடைவெளி. அதில் மட்டும் உன் குரல் வெளியே வருகிறது. அந்த இடத்தில்தானா திரை முழுக்க ரோஜாப்பூ தூவ வேண்டும் அந்த மனுஷன்! அப்போது எல்லா வீடியோவிலும் அதுதானே ஃபேஷன்.

கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. டெக்கில் போடும் ஒவ்வொரு முறையும் நாடா சிக்கிக்கொள்ளுமோ என்று எனக்குப் பயம். அதனால் நான் பாடம் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் அனுமதி கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை டெக்கைத் தூக்கிக்கொண்டு போனேன். "எல்லாம் ஒரே சிடில அடங்கற மாதிரி பண்ணிடும்மா, இடம் ஜாஸ்தி புடிக்காம" என்றார் இவர். நானும் இறுக்கி, சுருக்கி ஏற்றிவிட்டேன்.

பவி பார்த்தாள். உன் குரல் வந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா வாயே அசையல சித்தி. வேற யாரோ பேசறாங்க."

நிஜம்தான் அக்கா. பூ விழுந்துகொண்டே இருக்கிறது, நீ மெழுகு பொம்மை மாதிரி நிற்கிறாய். கன்னமெல்லாம் கட்டம் கட்டமாக.

ஏன் அப்படி ஆனது என்று உனக்குச் சொல்கிறேன், கேள். வீடியோ என்பது விநாடிக்கு இருபத்தைந்து படம். அத்தனையையும் முழுசாக வைத்தால் கம்ப்யூட்டர் தாங்காது. அதனால் சாஃப்ட்வேர் ஒரு படத்தை மட்டும் முழுசாக எழுதிக்கொள்ளும். அடுத்தடுத்த படங்களில் மாறியதை மட்டும் எழுதும். பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தை வரைகிறவன் மலையை ஒரே தடவை வரைந்துவிட்டு, நடக்கிறவர்களை மட்டும் மாற்றி மாற்றி வரைவது போல. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் விநாடிக்கு இவ்வளவு இடம்தான் என்று நாம் கட்டிப்போட்டுவிட்டால், பெரிய அசைவுக்கே அது சரியாகப் போய்விடும். விழுகிற ஒவ்வொரு பூவும் மாற்றம். அவ்வளவு இடத்தையும் பூவே தின்றுவிட்டது. உன் உதட்டசைவு சின்னது, அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று சாஃப்ட்வேர் விட்டுவிட்டது.

அது யார் பரவாயில்லை என்று சொல்ல?

"திரும்ப டெக்ல போட்டு நாடா அறுந்துட்டா இன்னா பண்ணுவ?" என்றார் இவர்.

"அறுந்தா ஒட்டுவேன். எம் பொண்ணு அவங்கம்மா பேசறத பாக்கணும்."

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். இந்த முறை நீ பேசும் துண்டை மட்டும் எடுத்தேன். கட்டிப்போட்ட அளவைத் தாராளமாகத் தளர்த்தினேன். முழுப் படத்தை அடிக்கடி எழுதச் சொன்னேன். நாடா ஓடும்போது திரையில் இரண்டு முறை கோடு விழுந்தது. ஆனாலும் ஓடி முடிந்தது.

எட்டிப் பார்த்த இவர், "இத்தினியூண்டு துண்டுக்கா இவ்ளோ இடம்?" என்றார். எங்கள் அக்காவுக்கு இவ்வளவு இடம் வேண்டும் என்றேன்.

பவியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். பூ விழுந்தது. அதற்குள்ளே உன் வாய் அசைந்தது.

"ஏய், திருகாணி எங்கடி வெச்ச? புள்ள அழுவுது, சொல்லேன்டி!"

பவி என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "சித்தி, ஒன்னத்தான் கேக்கறாங்க. பதில் சொல்லு."

"தாவணி முந்தில முடிஞ்சி வெச்சிருக்கேன்க்கா" என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். வேறு என்ன செய்ய?

அன்று முதல் இந்த வீட்டில் யார் எதைத் தொலைத்தாலும், "திருகாணி எங்கடி வெச்ச?" என்று இடுப்பில் கை வைத்துக் கேட்கிறாள். அச்சு அசல் நீதான்.

மிச்சக் கேசட்டையும் துண்டு துண்டாக ஏற்றிவிடுவேன், எத்தனை சிடி ஆனாலும் சரி. அதற்குப் பிறகும் கேசட்டைத் தூக்கிப் போட மாட்டேன். நாளைக்கு இதைவிட நல்ல சாஃப்ட்வேர் வரும். அப்போது மறுபடி ஏற்றுவேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி. திருகாணியைக் கேட்ட பிறகு அடுத்த பாட்டு தொடங்கிவிடுகிறது. ஆனால் நீ பேச்சை நிறுத்தவில்லை. என்னைப் பார்த்து என்னவோ சொல்லிவிட்டுச் சிரிக்கிறாய். இப்போது உதடு தெளிவாகத் தெரிகிறது, சத்தம்தான் இல்லை. எனக்கும் ஞாபகம் வரவில்லை. பவி தினமும் கேட்கிறாள்.

என்ன சொன்னாய் அக்கா? சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை,
பவிக்குச் சித்தி