முதல் ஆறு வாங்குகள்

ஜனவரி 26, ஞாயிறு

தேவாலயத்தின் நூற்றைம்பதாம் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதும் வேலை என்னுடையது. மூன்றாம் அத்தியாயம் வரை வந்துவிட்டேன்: ஆங்கிலேயக் குடும்பங்கள் முன்வரிசை வாங்குகளை, அந்த நீண்ட மர பெஞ்சுகளை, வாடகைக்கு எடுத்து, பித்தளைத் தகட்டில் பெயர் பொறித்து அமர்ந்த காலம்.

இன்று ஆராதனை முடிந்ததும் ஃபாதர் நிர்மல் தனியே அழைத்தார். மலர் வருமா என்பதே சந்தேகமாம். மார்ச் 2ஆம் திகதி மறைமாவட்டக் குழு வருகிறது, தேவாலயத்தை மூடி விற்பதா என்று முடிவெடுக்க.

"போன தடவை பீடத்துலேர்ந்து ஃபோட்டோ எடுத்தாங்கக்கா. முன்னாடி ஆறு வரிசையும் காலி. 'சபை கலைஞ்சிடுச்சு'ன்னு எழுதிட்டாங்க. நீங்கள்லாம் ஏன் பின்னாடியே உட்கார்றீங்க?"

சென்னைக்காரர். வந்து ஒரு வருடம்தான்.

பெப்ரவரி 5

அந்தக் குடும்பங்களில் அநேகம் பிரெஞ்சு மொழிச் சட்டம் வந்த காலத்திலேயே டொரொண்டோவுக்குப் போய்விட்டன; மிஞ்சிய ஓரிருவரும் இப்போது இல்லை. வாடகை அதற்கு முன்பே ஒழிந்தது. தகடுகள் மட்டும் மிச்சம். இருந்தும் தமிழர்கள் நாங்கள் ஏழாம் வரிசைக்கு முன்னால் அமர்வதில்லை. பிள்ளைகள் ஓடினால், "அங்கை போகாதை, அது அவையின்ரை."

எவருடையது?

பெப்ரவரி 16, ஞாயிறு

குழு வரும் நாளில் முன்னால் அமர்வோம் என்று எல்லோரிடமும் கேட்டேன். எங்களில் முதலில் இங்கே வந்த புஷ்பராணி அக்கா எழுந்துவிட்டார்.

"வந்த முதல் ஞாயிறு அதிலைதான் இருந்தனான். வயித்திலை ஜென்சி. ஒரு வெள்ளைக்கார மனிசி வந்து எழும்பச் சொன்னவ. எல்லாற்றை முன்னாலையும்."

"அந்த மனிசி செத்துப்போச்சுது, அக்கா," என்றேன்.

"ஓம். பேர் அங்கைதானே கிடக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவர் அசையாவிட்டால் ஒருவரும் அசையமாட்டார்கள்.

மூன்றாம் அத்தியாயத்தில் அந்தக் குடும்பங்களைப் பற்றி எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன்!

பெப்ரவரி 27

அக்கா போன் எடுக்கவில்லை. ஜென்சி எடுத்தாள். "அம்மாவை விடுங்கோ அன்ரி. அழுதுகொண்டிருக்கிறா."

மார்ச் 2, ஞாயிறு

குழுவினர் மூவர் பீடத்தருகே இருந்தார்கள். நான் இரண்டாம் வரிசையில் தனியே — முதல் வரிசைக்கு எனக்கும் துணிவில்லை. சனம் வந்தது. எல்லாம் பின்னாலே. முதுகு எரிந்தது. என்ன விசர் வேலை இது? ஏன் எனக்கு? பாட்டு, வாசகம், பிரசங்கம். குழுவில் ஒருவர் போனை வெளியே எடுத்தார்.

சமாதானம் சொல்லும் நேரம். எல்லோரும் கைகொடுத்துக்கொண்டு நின்றபோது, அக்கா நடுவழியால் நேரே வந்தார். கை தரவில்லை.

"தள்ளி இரு. உன்ரை பேரோ இதிலை எழுதிக் கிடக்கு?"

பின்னால் சப்பாத்துச் சத்தம், கிட்டக் கிட்ட வந்தது. எத்தனை பேர் என்று நான் திரும்பவில்லை. அக்கா பாட்டுப் புத்தகத்தை எடுத்து விரித்தார்.

மார்ச் 30

குழுவிடமிருந்து பதில் இல்லை.

ஏப்ரல் 12

இன்னும் இல்லை. மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதுகிறேன், அக்கா சொல்லச் சொல்ல. நடுவில் நிறுத்தினார். "அந்த மனிசியின்ரை பேரைப் போடாதை. பிள்ளையள் இருக்கும்."

ஜூன் 17

தேவாலயத்தை விற்பதில்லை என்று போன வாரம் கடிதம் வந்தது. லவாலிலிருந்து கூரைக்காரர்கள் வந்து ஏணி சாத்தி ஏறிப் பார்த்தார்கள். ஒழுகும் இடத்தை மட்டும் அடைத்தால் இரண்டு வருடம் தாங்கும், அதற்குமேல் வேண்டுமென்றால் முழுக்க மாற்றவேண்டும் என்றார் ஒருவர், பிரெஞ்சில். ஃபாதர் என்னைப் பார்த்தார்.

முழுக்க, என்றேன்.