கிளி விரட்டும் விமானம்

14.11.2011, திங்கள்

விவசாய ஆபீஸ் மீட்டிங்கில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

பெரார்கஞ்ச் பக்கம் நெல் பால் பிடித்திருக்கிறது, கிளிகள் கூட்டமாக இறங்குகின்றன, என்ன செய்யலாம் என்று ஆபீசர் கேட்டார். கூட வேலை பார்க்கும் கோவிந்தராஜ் சும்மா இராமல், ஸ்டோரில் கிடக்கும் சின்ன விமானத்தை ஞாபகப்படுத்தினான். எப்போதோ கண்காட்சிக்கு வாங்கியது. நிஜ இன்ஜின் உண்டு. கம்பி கட்டி, நடுவில் ஒருவர் நின்று தன்னைச் சுற்றிப் பறக்கவிட வேண்டும். அதைப் பறக்கவிட யாருக்குத் தெரியும் என்றார் ஆபீசர். "காலேஜ் என்.சி.சி.யில பறக்கவிட்டிருக்கேன் சார்." சொன்னது நான்தான்.

உண்மையில் அங்கே இருந்த விமானத்தின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு தடவை.

"பஹுத் அச்சா, நாகலிங்கம்ஜி. ஆப் ஹீ கரியே", நீங்களே செய்யுங்கள் என்று முடித்துவிட்டார். எந்த வயலில் செயல்விளக்கம் என்று பட்டியலைப் பார்த்தேன். பழனியாண்டி. என் மனைவியின் அண்ணன். மூன்று வருஷமாக என்னோடு பேசாத மச்சான்.

15.11.2011

என் மனைவி மங்கையர்க்கரசி சொன்னாள்: "இந்தத் தீவுல வேற வயலே இல்லையா?"

தப்பு என்னுடையதுதான், இங்கே எழுதலாம், யாரும் படிக்கப்போவதில்லை. மச்சான் படகு இன்ஜின் மெக்கானிக். வயல் கூடுதலுக்கு. அவர் மகள் சடங்கு அன்று, அவர் ரிப்பேர் பார்த்துக் கொடுத்த என் ஸ்கூட்டர் பாதி வழியில் நின்றுவிட்டது. வெயிலில் தள்ளிக்கொண்டு போனேன். போன கோபத்தில், பந்தியில் வைத்து, "இவர் தொட்ட இன்ஜின் எதுவும் உயிரோட திரும்பாது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரிடம் வேலை கொடுக்கும் படகுக்காரர்களும் சிரித்தார்கள். அதில் இரண்டு பேர் அடுத்த மாதமே வேறு ஆளிடம் போனார்கள்.

ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்ந்திருந்தது. அது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

19.11.2011, சனி

கொல்லையில் முதல் முயற்சி. டாங்க் நிரப்பி, பிளக்குக்கு பேட்டரி கொடுத்து, மூக்கில் இருக்கும் விசிறியை விரலால் சுண்டினேன். மூன்றாவது சுண்டலில் விசிறி கல் மாதிரி நின்றது. விரல் வீங்கிவிட்டது. புகைக்குழாயிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது — இன்ஜினுக்குள் வெள்ளம்.

இந்த எரிபொருளில் விளக்கெண்ணெய் கலந்திருக்கிறது. யாருக்கு வயிறு சரியில்லை என்று பக்கத்து வீட்டு வசந்தகுமாரி கேட்டுவிட்டுப் போனாள்.

21.11.2011

பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுண்டினால் உள்ளே நிற்கும் எண்ணெய் வெளியே வந்துவிடும் என்று யோசித்தேன். சரியான யோசனை. வந்தது. வேலை எப்படிப் போகிறது என்று வந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஆபீசரின் சட்டைக்கு வந்தது.

24.11.2011

எண்ணெய் வரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஊசியை ஒரு திருகு மூடினேன். வெள்ளம். இரண்டு திருகு மூடினேன். வெள்ளம். புது பிளக் போட்டேன். வெள்ளம். கவிழ்த்துப் பிடித்து உலுக்கிக் காயவைத்து, டாங்க் நிரப்பிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால், தொடாமலே நிரம்பியிருக்கிறது. இன்ஜினா இது, கிணறா?

25.11.2011

தேதி வைத்துவிட்டார்கள். டிசம்பர் 4. போர்ட் பிளேயரிலிருந்து பெரியவர் ஒருவர் வருகிறார்.

27.11.2011, ஞாயிறு

பறக்கவிட இடம் பார்க்க வயலுக்குப் போனேன். வரப்போரக் கதிரையெல்லாம் கிளி கடித்துத் துப்பியிருக்கிறது. மச்சான் தனியாகத் தகரத்தைத் தட்டிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறார். அவர் இங்கே வந்தால் கிளி அங்கே. என்னைப் பார்த்தார். பார்க்காத மாதிரி தட்டினார்.

வீட்டுக்கு வந்து மங்கையிடம் ஒரே வார்த்தைதான் சொன்னேன். "கூப்பிடு."

29.11.2011, செவ்வாய்

வந்தார். தங்கைக்காக. என்னோடு பேசமாட்டாராம்.

விமானம் நடுவில். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், இடையில் மங்கை.

"உன் வீட்டுக்காரர்கிட்ட கேளு, டாங்குக்கு அடியில என்ன வச்சிருக்காரு?"

"ஏங்க, அடியில என்ன?"

"செருப்புத் துண்டு. அதிர்வு தாங்குறதுக்கு."

"செருப்புத் துண்டாம்ணே. அதிர்வு தாங்குறதுக்கு."

அவர் டாங்குக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "டாங்க் கார்புரேட்டரைவிட மேல நின்னா எண்ணெய் தானா இறங்காம என்ன பண்ணும்? ஊசியை எத்தனை திருகுனாலும், ஓட்டுற நேரம் வரைக்கும் ஒழுகிட்டுத்தான் இருக்கும். உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு."

"கேட்டுச்சா?" என்றாள் மங்கை.

கேட்டது. அந்தச் செருப்பை அளந்து வெட்டியவனே நான்தானே.

அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு அவள் உள்ளே ஓடினாள். மச்சான் இரண்டு கையாலும் டாங்கைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஸ்குரூ என் பக்கம் கிடந்தது. இரண்டு பேரும் அடுக்களை வாசலையே பார்த்தோம். அவள் வருவதாக இல்லை.

"அதை எடு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். டாங்கை இறக்கி, நடுமட்டம் ஊசிக்கு நேராக வைத்தார். உள்ளே நின்றதை வடித்தார். ட்யூபைக் கிளிப் போட்டு நெரித்துவிட்டு டாங்க் நிரப்பினார். சுண்டும்போதுதான் கிளிப்பை எடுத்தார். நாலாவது சுண்டலில் இன்ஜின் ஓட ஆரம்பித்தது. தெருநாய் எல்லாம் குரைத்தன. பால் முழுக்கப் பொங்கி அடுப்பு அணைந்துபோயிருந்தது. மங்கை திட்டவே இல்லை.

4.12.2011, ஞாயிறு

களத்தில் ஐம்பது அறுபது பேர். படகுக்காரர்களும் இருந்தார்கள்.

இன்ஜின் இரண்டாவது சுண்டலில் ஓடியது. போர்ட் பிளேயர் பெரியவர் என்னைத் தட்டிக்கொடுத்து, "கிஸ்னே பனாயா?", யார் செய்தது என்றார். தலையாட்டினால் போதும், பேர் எனக்கு. வாய் ஒரு தரமாவது உருப்படியாகத் திறந்தது. "யே மேரா மச்சான். இவர் தொட்டதாலதான் ஓடுது" என்று ஹிந்தியும் தமிழும் கலந்து கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் கத்தத்தான் வேண்டியிருந்தது. "அன்னிக்கு ஸ்கூட்டர்ல பெட்ரோல் இல்ல. நான்தான் போடல."

மச்சான் விமானத்தைத் தூக்கிக்கொண்டு தூரமாகப் போய் நின்றார். கை காட்டினேன். விட்டார்.

பறந்தது! கிளிகள் பச்சை மேகமாக எழும்பின. ஏழு சுற்று நானும் சேர்ந்து சுற்றினேன். எட்டாவதில் வானம், நெல், ஆபீசர் எல்லாம் இடம் மாறின. முதலில் நான் சேற்றில் விழுந்தேன், பிறகு விமானம்.

தூக்கிவிட்டது மச்சான். "பொய்க்காரப் பயலே, மூணு வருஷம்டா" என்றார். கையை விடவில்லை.

7.12.2011

கிளிகளுக்குக் கம்பியின் நீளம் தெரிந்துவிட்டது. விமானம் சுற்றும் வட்டத்துக்கு இரண்டடி வெளியே உட்கார்ந்து தின்கின்றன. "ப்ரயோக் சஃபல்", சோதனை வெற்றி என்று ரிப்போர்ட் போய்விட்டது.

18.12.2011, ஞாயிறு

தினமும் காலை ஐந்தரைக்கு வயலுக்குப் போகிறேன். ஒரு கோடியில் நான், மறு கோடியில் மச்சான், ஆளுக்கொரு தகரம். இன்று நடுவரப்பில் உட்கார்ந்து அவர் பேச ஆரம்பித்தார் — மகள் படிப்பு, மீனே கிடைக்காத சீசன், புதிதாக வந்த படகு வேலை, மூன்று வருஷத்தில் நடந்தது எல்லாம். எட்டு மணி ஆகிவிட்டது. கிளி வந்ததா என்று மங்கை கேட்டாள். தெரியவில்லை. நாங்கள் பார்க்கவில்லை.